உப்பளத்து வரப்பில் ஒரு தீவுப் பறவை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடப்பவர்கள், உப்பளத்தில் எது பறந்தாலும் “வெளிநாட்டுப் பறவை, வெயில் வந்தால் போய்விடும்” என்கிறார்கள். பூநாரையைக்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்; அது குஜராத்தின் கட்ச் உப்புவெளியில் குஞ்சு பொரிக்கிற பறவை. சைபீரியாவிலிருந்து வரும் உள்ளான்களுக்கு அந்தப் பேச்சு பொருந்தும். அவற்றின் காலடியில் ஓடி ஓடி நின்று பார்க்கும், உள்ளங்கையில் அடங்குகிற உப்புக்கொத்திக்குப் பொருந்தாது.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கென்டிஷ் உப்புக்கொத்தி வருகிறது. இங்கேயே வாழ்வதும் பார்வைக்கு ஏறக்குறைய அப்படியே இருப்பதால், நெடுங்காலம் அதன் கிளையினமாகவே கருதப்பட்டது. இலங்கையிலும் தென்னிந்தியக் கரையிலும் முட்டையிடும் இந்தப் பறவை தனி இனம்தான் என்று, மரபணுவையும் உடலளவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2023-இல் ‘ஐபிஸ்’ இதழில் வந்தது. இராமர் பாலத்தின் இரு பக்கமும் வாழ்வதால் அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். உலகில் வேறெங்கும் கூடு கட்டாத பறவையை விருந்தாளி என்பது கொஞ்சம் அநியாயம்.

கூடு என்றாலும் பெரிதாக ஒன்றுமில்லை. காய்ந்த தரையில் சிறு குழி, சுற்றிலும் நாலைந்து கிளிஞ்சல், நடுவில் மண் நிறத்தில் இரண்டு மூன்று முட்டைகள். அருகே போனால் தாய் ஓடிவிடும். உடனே, கைவிடப்பட்ட முட்டை என்று முடிவுகட்டிவிடுகிறோம். உண்மையில் அது சற்றுத் தள்ளி, இறக்கை ஒடிந்ததுபோல் நடித்து நம்மை இழுத்துக்கொண்டிருக்கும். கொளுத்தும் வெயிலில் உப்புக்கொத்திகள் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துவந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு.

“உப்புத் தண்ணீரில் புழுகூட வாழாது” என்பது பாதி உண்மை. கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். பாத்தி பாத்தியாக வற்றி 25 சதவீதத்தை நெருங்கும்போது உப்பு பூக்கிறது. அந்தக் கடைசிப் பாத்தியில் பறவைக்கு இரை கிடையாது. அதற்கு முந்தைய பாத்திகளில் ஆர்ட்டீமியா என்னும் பொடி இறாலும், ஈப்புழுக்களும் மண்டிக்கிடக்கும்.

அதனால் உப்பளத் தொழிலாளியைப் பறவைக்கு எதிரியாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் பராமரிக்கும் ஆழமில்லாத நீரும் வெற்று வரப்பும்தான் இதற்கு வாழிடம். உப்பு கட்டுப்படியாகாமல் நிலம் கைமாறி இறால் பண்ணையானால், நீர் ஆளின் இடுப்பளவு ஆழமாகும், கரை செங்குத்தாகும். குட்டைக் காலுக்கு அங்கே நிற்க இடமில்லை.

“சரணாலயம் வந்துவிட்டதே!” வந்தது, நல்லதுதான். மரக்காணத்தை அடுத்த கழுவெளி ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்ட்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அந்த அறிவிப்பின் மையம் ஏரி. உப்பளம் தொழில் நடக்கும் நிலம். அங்கே வரப்பில் கிடக்கும் முட்டைக்குக் காவல் இல்லை.

வேட்டைதான் முதல் ஆபத்து என்பதும் வாத்துகளுக்கும் பெரிய உள்ளான்களுக்கும் சரியாக இருக்கலாம். ஒரு வாய்க் கறிகூடத் தேறாத இந்தப் பறவையை யாரும் குறிவைப்பதில்லை. குப்பை கொட்டுகிற இடத்தைத் தேடிவரும் தெருநாயும் காக்கையும் கூட்டைக் காலிசெய்துவிடுகின்றன. வரப்பில் ஏற்றி ஓட்டும் பைக்குக்கும் முட்டை கண்ணில் படுவதில்லை.