மரவேரும் தைராய்டும்

புணர்ச்சி விகாரங்கள் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். மரம், வேர் என்னும் இரு சொற்கள் புணருங்கால் மகரமெய் கெட்டு ‘மரவேர்’ ஆகும். ஓர் எழுத்தை இழந்தே அச்சொல் அடுத்ததனோடு கூடுகின்றது. சென்ற பருவத்தில் இப்பாடம் முடிந்ததும் மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, உடல் தேறிவிட்டதாகக் கருதித் தன் அன்னை தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டதாக வருந்தினாள். அவள் பொருட்டுப் படித்தறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி பெரும்பான்மையாக வெளியிடுவது தைராக்சின். இதில் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. எனினும், உயிரணுக்களில் முனைந்து வினைபுரிவது மூன்று அணுக்களையுடைய டி3 என்னும் வடிவமே. ஓர் அயோடினைக் கெடுத்து இம்மாற்றத்தைச் செய்வது டிஅயோடினேஸ் என்னும் நொதி. ‘அயோடின் நீக்கி’ எனத் தமிழில் வழங்கலாம். உடலில் உண்டாகும் டி3இல் ஏறத்தாழ 80 விழுக்காடு சுரப்பிக்கு வெளியே இவ்வாறு உருவாவதாகும். சுரப்பி செயலற்றோர்க்குத் தைராக்சின் மட்டும் கொடுத்தபோதும் குருதியில் டி3 தோன்றுவதை 1970இல் பிரேவர்மன், இங்பார், ஸ்டெர்லிங் ஆகியோர் காட்டினர்.

எவ்விடத்து அணு கெடுகின்றது என்பதே இங்கு இன்றியமையாதது. தைராக்சினில் இரு வளையங்கள் உண்டு. புறவளையத்தில் ஓர் அயோடின் நீங்கின் ஆற்றல் மிகும். அகவளையத்தில் நீங்கின் ஆற்றல் அழியும். (அகம், புறம் என்றதும் நம் மாணவியர் முகம் மலரக்கூடும்!) மூளையிலுள்ள இரண்டாம் வகை நொதி முன்னதைச் செய்கின்றது. நஞ்சுக்கொடியிலுள்ள மூன்றாம் வகை பின்னதைச் செய்து, தாயின் ஹார்மோன் மிகையாகக் கருவைச் சேராவண்ணம் காக்கின்றது. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் உள்ள முதல் வகையோ இரண்டும் வல்லது.

எழுத்தே இல்லையெனின் கெடுவது எது? இன்றைய இமாசலப் பிரதேசத்துக் காங்கிரா பள்ளத்தாக்கில் அயோடின் பற்றாக்குறையால் முன்கழுத்துக் கழலை மலிந்திருந்தது. 1956இல் டாக்டர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் அங்கு ஒரு பகுதிக்கு வெறும் உப்பும், இரு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் வழங்கி ஆராயத் தொடங்கினர். சில ஆண்டுகளில் பின்னைய பகுதிகளில் கழலை பெரிதும் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. தேனாம்பேட்டைக் கடையில் நாம் வாங்கும் உப்புப் பொட்டலத்தின் பின்னே அப்பள்ளத்தாக்கு இருக்கின்றது.

மாணவியின் அன்னை உட்கொண்ட மாத்திரையிலும் இருப்பது தைராக்சினே. குருதியில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும். மாத்திரையை நிறுத்திய பின்னரும், எஞ்சியுள்ள இருப்பிலிருந்து நொதி டி3ஐ ஆக்கிக்கொண்டேயிருக்கும். ஆதலின் குறை உடனே தெரிவதில்லை. மாத்திரை வேண்டுவதில்லை எனப் பலர் மயங்குவதும் இதனாலேயே. அவ்வன்னையார் இப்போது மருத்துவரைக் கண்டு, மாத்திரையை மீண்டும் உட்கொள்கின்றார்.