கிராமத்துச் சுற்றுலா: பணம் ஊரில் தங்க என்ன வழி?

சுற்றுலா என்றதும் நமது வியாபாரிகளில் பலருக்குப் பெரிய ஹோட்டலும் பெரிய மூலதனமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கிராமத்துக்கு வரும் பயணியின் செலவில் கடைக்காரர், மீனவர், முச்சக்கர வண்டிச் சாரதி, தயிர் விற்பவர் என எல்லோருக்கும் பங்குண்டு. இயற்கை கெடாமலும், ஊர் வழக்கத்துக்குப் பங்கம் வராமலும், அந்தப் பங்கு ஆண்டுதோறும் ஊராருக்குக் கிடைக்கச் செய்வதே நிலைபேறான சுற்றுலாவாகும்.

பொத்துவில் பிரதேசத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அறுகம்பையில் அலைச்சறுக்கு சீசன் ஏறத்தாழ மே முதல் ஒக்டோபர் வரை நீடிக்கிறது. தெற்கே பானமையும் குமண தேசிய பூங்காவும், மேற்கே லாகுகல யானைக் காடும், அருகிலேயே பொத்துவில் களப்பும் உள்ளன. இத்தனை வளமிருந்தும் வருமானத்தில் எவ்வளவு ஊரில் தங்குகிறது?

ஒரு சிறு கணக்கு

பயணி ஒருவர் நாளொன்றுக்கு 10,000 ரூபா செலவிடுகிறார் என வைத்துக்கொள்வோம். அறைக்கு 6,000 ரூபா. அதில் இணைய முன்பதிவுத் தரகு 15 வீதமானால் 900 ரூபா வெளியே போகிறது. உணவுக்கான கோழி, ஜாம், பழச்சாறு என்பன கொழும்பிலிருந்து வந்தால் மேலும் 1,000 ரூபா போகிறது. பத்துப் பயணிகள், 150 நாட்கள் எனக் கணக்கிட்டால் ஊரை விட்டு வெளியேறுவது 28 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா! தரகை முழுமையாகத் தவிர்க்க முடியாது. ஆனால் உணவுப் பொருட்களுக்கான 15 இலட்சத்தில் பெரும் பகுதியை ஊர் மீன், தயிர், அரிசி, மரக்கறி, பழங்கள் மூலம் இங்கேயே நிறுத்திக்கொள்ள முடியும்.

கெட்டால் திரும்பாத மூலதனம்

களப்பின் கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையேதான் இறால், மீன் குஞ்சுகள் வளர்கின்றன. அதே களப்பில் மீனவர்கள் பயணிகளைத் தோணியில் ஏற்றிச் சென்று பறவைகளையும் முதலைகளையும் காட்டி வருமானம் பெறுகின்றனர். கண்டலை வெட்டினால் மீன்பிடி, சுற்றுலா ஆகிய இரு தொழில்களுமே பாதிக்கப்படும்.

கிணற்று நீரும் அத்தகையதே. கரையோர மணலில் நன்னீர், உப்பு நீருக்கு மேலே ஒரு படையாகவே நிற்கிறது. மோட்டாரால் அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நீர் மேலே ஏறும். மலசலகூடக் குழி கிணற்றுக்கு அருகில் இருந்தால் நீர் அசுத்தமாகும். பாதிப்பு ஹோட்டலோடு நிற்காது, அயல் வீட்டுக் கிணற்றையும் சென்றடையும்.

ஒரே தொழிலை நம்பலாமா?

2018இல் இலங்கைக்கு வந்த பயணிகள் 23 இலட்சத்துக்கும் அதிகம். 2019 ஏப்ரல் தாக்குதல்கள், அதன் பின் கொரோனா ஆகியவற்றால் 2021இல் அத்தொகை இரண்டு இலட்சத்துக்கும் கீழே வீழ்ந்தது. 2024இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. எனவே கடன்பட்டு முழு முதலையும் அறை கட்டுவதில் போடுவது ஆபத்து. பயணி வராத காலத்திலும் ஊரார் வாங்கக்கூடிய பொருளையும் சேவையையும் கைவசம் வைத்திருப்பவரே தாக்குப்பிடிப்பார்.

நாம் செய்யக்கூடியவை

1. விலைப்பட்டியலைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் கடையில் தொங்க விடுங்கள். ஆளுக்கொரு விலை சொல்லும் கடைக்குப் பயணி மறுமுறை வரமாட்டார்.

2. விடுதிக்காரர்களும் விவசாயிகளும் மீனவர்களும் சீசனுக்கு முன்பே கூடி, யார் எதை எந்த விலைக்கு வழங்குவது எனப் பேசி முடியுங்கள். விநியோகம் தடைப்பட்டால் விடுதிக்காரர் மறுபடியும் கொழும்புக்கே போவார்.

3. குடிநீர்ப் போத்தல்களுக்குப் பதிலாக, வடிகட்டிய நீரைப் பயணியின் போத்தலில் நிரப்பிக் கொடுத்துச் சிறு கட்டணம் பெறுங்கள். கரையில் குப்பை குறையும், உங்களுக்கும் வருமானம் வரும்.

4. ஊருக்குள் வரும்போது எவ்வாறு உடுத்த வேண்டும், எங்கே படம் எடுக்கக் கூடாது என்பதைப் பண்பாக எழுதி அறைகளில் வையுங்கள். அறியாமல் தவறு செய்பவர்களே அதிகம்.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அரசாங்கம் எண்ணிக்கொள்ளும். சீசன் முடிவில் எவ்வளவு ஊரில் தங்கியது, கிணறும் களப்பும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அடுத்த சீசனின் இலாபம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.