வெள்ளை ரத்தம் எதற்கு?

அன்புள்ள மகளே,

கரங்கானிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. கேத்ரின் ஆர்டனின் ‘தி பேர் அண்ட் தி நைட்டிங்கேல்’ நாவலை இரண்டே இரவில் முடித்துவிட்டு, நாமும் இப்படி ஒன்று எழுத வேண்டும் என்று துடிக்கிறாய். எழுது. அதற்கு முன் அதை இன்னொரு தடவை படி.

2017-இல் வந்த அந்த நாவலில் வாஸ்யா, வீட்டைக் காக்கும் தொமவோய்க்கு ரொட்டி வைக்கிறாள். தோட்டத்து முனியாண்டிக்கு நாம் படையல் வைப்பது போலத்தான். உன் மனம் அந்த மாயத்திலேயே நின்றுவிட்டது. 14-ஆம் நூற்றாண்டு ருஷ்யாவில் பிரபு வீட்டுப் பெண்ணுக்கு இருந்தவை இரண்டு வாசல்கள்: கல்யாணம், இல்லாவிட்டால் கன்னிமாடம். இரண்டும் வேண்டாம் என்றவளை ஊர் சூனியக்காரி என்கிறது. அந்த வாசல்களை ஆர்டன் பொய்யில்லாமல் கட்டியிருப்பதால்தான் வாஸ்யா குதிரையேறும்போது நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வெறுமனே பெண் கையில் வாளைக் கொடுத்தால் அது நடக்காது.

ஊர் பழித்த பெண்ணின் கதை வேண்டுமானால், நம் கெடா மாநிலத்திலேயே மசூரி இருக்கிறாளே! கணவன் போருக்குப் போயிருந்த நேரத்தில், லங்காவி ஊர்த்தலைவரின் மனைவி வான் மகோரா அவள் கற்பின்மேல் பழி போட்டாள். மசூரியை மரத்தில் கட்டிக் கிரிஸ் கத்தியால் குத்தினார்கள். அவள் குற்றமற்றவள் என்பதற்குச் சாட்சியாக வெள்ளை ரத்தம் வடிந்தது, ஏழு தலைமுறைக்குத் தீவு விளங்காது என்று சபித்தாள் என்பது கதை. 1821-இல் சயாம் படை கெடாவைப் பிடித்தது வரலாறு. அந்த அழிவையும் சாபத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

என்னை உறுத்துவது அந்த வெள்ளை ரத்தம். சிவப்பாக வடிந்திருந்தால் அவள் குற்றவாளியா? சீதைக்குத் தீ, மசூரிக்கு ரத்தம். புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘சாபவிமோசன’த்தில், சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். பழைய கதை கேட்காமல் விட்டதை அவர் கேட்டுவிட்டார். வான் மகோராவைப் பொறாமைக்காரி என்று தள்ளிவிடுவதும் சுலபம். புருஷனின் பதவி போனால் அவளிடம் மிச்சம் என்ன இருந்திருக்கும்? அதையும் யோசி.

நீ எழுதப்போகும் கதைக்காக, வருகிற பள்ளி விடுமுறையில் பாட்டியிடம் உட்கார். லயத்தில் சொன்ன மோகினிக் கதைகளைக் கேள். மோகினியான அந்தப் பெண் உயிரோடு இருந்தபோது எந்த ரப்பர் மர நிரையில் பால் வெட்டினாள், யார் வீட்டில் வாழ்ந்தாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவளை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதி, எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை