நம்பிக்கைகளும் உண்மைகளும்: படித்தவுடன் பதிந்துவிடுமா?

பாடத்தைப் படித்து முடித்ததுமே அது மூளையில் பதிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அப்போது உருவாவது எளிதில் கலையக்கூடிய ஒரு தடம்தான். ஒரு நரம்பணு இன்னொன்றைத் திரும்பத் திரும்பத் தூண்டும்போது, இரண்டும் சந்திக்கும் இணைப்பில் கால்சியம் உள்ளே பாய்கிறது. அங்கே ஏற்கெனவே இருக்கும் புரதங்கள் மாற்றமடைந்து, இணைப்பைச் சற்று நேரத்துக்கு வலுவாக்குகின்றன. அந்த வலு நாள்கணக்கில் நிலைக்க வேண்டுமானால் செய்தி நரம்பணுவின் உட்கருவை எட்ட வேண்டும். ‘கிரெப்’ என்ற புரதம் சில மரபணுக்களை முடுக்கிவிட, புதிய புரதங்கள் உருவாக வேண்டும். கடல்நத்தையின் நரம்பணுக்களில் இதைப் படிப்படியாக விளக்கிய எரிக் காண்டல் 2000-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதற்கு நேரம் பிடிக்கும் என்பதை 1960-களிலேயே தங்கமீன்கள் காட்டிவிட்டன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் அக்ரனாஃப், விளக்கு எரிந்தால் தொட்டியின் மறுபக்கம் தப்பிச் செல்ல மீன்களைப் பழக்கினார். பயிற்சி முடிந்த உடனே புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்து செலுத்தப்பட்ட மீன்கள், சில நாள் கழித்துப் பார்த்தபோது கற்றதை மறந்திருந்தன. ஒரு மணி நேரம் தாமதித்துச் செலுத்தப்பட்டவை மறக்கவில்லை.

பொதுத்தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்கக் கண்விழித்தால் நிறைய ஏறும் என்பதும் இதே காரணத்தால் தவறு. எலிகள் விழித்திருந்தபோது சேர்ந்து இயங்கிய நரம்பணுக்கள் உறக்கத்திலும் சேர்ந்தே இயங்குவதை 1994-இல் வில்சனும் மெக்நாட்டனும் பதிவு செய்தனர். உறக்கத்தைப் பறிப்பது, கற்றதைப் பதிய வைக்கும் அந்த வேலையைப் பறிப்பதாகும்.

வல்லாரை சாப்பிட்டால் நினைவாற்றல் கூடும் என்பது இன்னொரு நம்பிக்கை. அது நல்ல கீரைதான். ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு, அது தனியாக நினைவாற்றலைக் கூட்டுவதாகக் காணவில்லை.

எல்லாவற்றிலும் அதிகத் தீங்கு செய்யும் நம்பிக்கை ‘அடியாத மாடு படியாது’ என்பதே. தருமபுரி, அரூர், பென்னாகரம் என்று எந்த ஊரிலும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சில் இது வந்துவிடும். திடீர் அதிர்ச்சி அந்தச் சம்பவத்தை ஆழப் பதிக்கும் என்பது மெய்யே. தொடர்ந்த மிரட்டல் வேறு கதை. பெங்களூரில், தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சுமந்திர சட்டர்ஜி குழு எலிகளைத் தினம் 2 மணி நேரம் அசையவிடாமல் 10 நாள் அடைத்து வைத்தது. புதிய செய்திகளை நினைவாக்கும் ஹிப்போகேம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவில் அவை பெருகின. 2002-இல் வெளியான இந்த முடிவைத் தொடர்ந்து, எலிகளுக்கு 21 நாள் ஓய்வு கொடுத்தும் பார்த்தார்கள். ஹிப்போகேம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. அமிக்டலாவில் பெருகிய கிளைகள் அப்படியே இருந்தன.