செருகப்பட்ட பரம்பரையலகுகள் எத்தனை? – 3:1 விகிதத்தின் ஒரு பிரயோகம்

அந்நியப் பரம்பரையலகொன்றைத் தாவரக் கலத்தினுட் செலுத்தும்போது, அது எந்த நிறமூர்த்தத்தில், எத்தனை பிரதிகளாக இணையும் என்பதை வழமையாக முன்கூட்டியே கூற முடியாது. எனவே, பெறப்பட்ட ஒவ்வொரு தாவரத்தையும் சோதித்தல் வேண்டும்.

ஏன் எண்ண வேண்டும்?

பிரதிகள் கூடினால் பயனும் கூடும் என எண்ணிவிடாதீர்கள். 1990 இல் வெளியான ஆய்வொன்றில், பெற்றூனியாப் பூவின் நிறத்துக்குரிய பரம்பரையலகின் மேலதிகப் பிரதிகள் அத்தாவரத்தினுட் செலுத்தப்பட்டன. கடும் ஊதா நிறம் எதிர்பார்க்கப்பட்டது. ஆயினும் பல தாவரங்களில் வெண்ணிறப் பூக்கள் தோன்றின. செருகப்பட்ட பரம்பரையலகுடன் தாவரத்தின் சொந்தப் பரம்பரையலகும் அடக்கப்பட்டமையே காரணமாகும்.

மாதிரி வினா

கனாமைசின் என்னும் நுண்ணுயிர்கொல்லிக்கு எதிர்ப்பைத் தரும் பரம்பரையலகு இரு புகையிலைத் தாவரங்களிற் செருகப்பட்டது. அவை தனித்தனியே தன்மகரந்தச்சேர்க்கைக்கு உட்படுத்தப்பட்டன. ஒவ்வொன்றிலும் இருந்து பெற்ற 160 நாற்றுகள் கனாமைசின் கொண்ட ஊடகத்தில் வளர்க்கப்பட்டன.

தாவரம் 1: பச்சை 118, வெளிறியவை 42
தாவரம் 2: பச்சை 149, வெளிறியவை 11

ஒவ்வொரு தாவரத்திலும் பரம்பரையலகு எத்தனை இடங்களிற் செருகப்பட்டுள்ளது?

விடை

(1) ஓரிடத்தில் மட்டும் செருகப்பட்டிருப்பின், புணரிகளில் 1/2 பங்கில் அது இராது. ஆகவே அதைப் பெறாத எச்சங்கள் 1/2 × 1/2 = 1/4. எதிர்பார்க்கும் விகிதம் 3:1, அதாவது 120:40. தாவரம் 1 இதற்குக் கிட்டியது. எனவே ஓரிடம்.

(2) வெவ்வேறு நிறமூர்த்தங்களில் இரு இடங்களிற் செருகப்பட்டிருப்பின், இரண்டையும் பெறாத புணரிகள் 1/4. அவ்வாறான எச்சங்கள் 1/4 × 1/4 = 1/16. எதிர்பார்க்கும் விகிதம் 15:1, அதாவது 150:10. தாவரம் 2 இதற்குக் கிட்டியது. எனவே இரு இடங்கள்.

கவனிக்க

விகிதம் காட்டுவது இடங்களின் எண்ணிக்கையையே. பிரதிகளின் எண்ணிக்கையை அன்று. ஒரே இடத்தில் இரு பிரதிகள் அடுத்தடுத்து இருப்பினும் அவை ஒன்றாகவே கடத்தப்படும். விகிதம் 3:1 ஆகவே இருக்கும். இதனை வேறுபடுத்தியறிய, 1975 இல் எட்வின் சதேண் வெளியிட்ட முறை உதவும். அதன் படிகள்:

1. தாவரத்தின் டி.என்.ஏ.யை நொதியத்தால் வெட்டுதல்.
2. துண்டுகளை ஜெல்லில் பருமனுக்கேற்பப் பிரித்து, மென்றகடொன்றுக்கு மாற்றுதல்.
3. செருகிய பரம்பரையலகுடன் மட்டும் பிணையும், அடையாளமிடப்பட்ட டி.என்.ஏ. துண்டைச் சேர்த்தல்.
4. தோன்றும் பட்டைகளை எண்ணுதல்.

நொதியம் பொருத்தமாகத் தெரிவுசெய்யப்படின், பொதுவாக ஒரு பட்டை ஒரு பிரதியைக் குறிக்கும்.

பயிற்சி: தாவரம் 1 இல் இரு பட்டைகள் தோன்றின. மேலே பெற்ற விடை பிழையாகுமா? காரணம் தருக.