பிறர் கிடங்கில் நம் சரக்கு

விற்பவர் முதல் தரப்பு. வாங்குபவர் இரண்டாம் தரப்பு. இவ்விருவருக்கும் இடையே நின்று சரக்கைச் சேமித்து, பிரித்து, பெட்டி கட்டி, உரிய இடத்துக்கு அனுப்பும் வெளியாரையே மூன்றாம் தரப்பு லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் என்கிறோம். லாரி உரிமையாளரின் பணி சரக்கை இறக்கியதும் முடிந்துவிடும். இந்நிறுவனமோ கிடங்கு, இருப்புக் கணக்கு, திரும்பி வரும் சரக்கு அனைத்தையும் ஒரே ஒப்பந்தத்தின்கீழ் ஏற்கிறது.

சரக்கு மற்றும் சேவை வரிக்கு முன்னர், மாநிலம் கடந்த விற்பனைக்கு மத்திய விற்பனை வரி உண்டு. பிற மாநிலத்திலுள்ள சொந்தக் கிடங்கிற்குச் சரக்கை மாற்றினால் அவ்வரி இல்லை. ஆதலால் பல நிறுவனங்கள் மாநிலந்தோறும் சிறு கிடங்கு வைத்திருந்தன. 2017 ஜூலை 1 முதல் அக்காரணம் நீங்கவே, சில பெரிய கிடங்குகளே போதும் என்றாயிற்று. சிறு தொழில்முனைவோர்க்கும் இதில் ஆதாயம் உண்டு: கட்டடத்தில் முதல் முடங்குவதில்லை.

ஆனால் சரக்குதான் இடம் மாறுகிறது. உரிமையும் இழப்பும் நம்மிடமே தங்குகின்றன.

நான் மும்பையில் பணியாற்றியபோது, பள்ளி நோட்டுப் புத்தகங்கள் தயாரிக்கும் வாடிக்கையாளர் ஒருவர் தம் சரக்கைப் பிவண்டியில் இத்தகைய கிடங்கொன்றுக்கு மாற்றினார். ஜூலை மழையில் வெள்ளம் புகுந்து, கீழ்த்தட்டுப் பெட்டிகள் யாவும் நனைந்தன. அவரது காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கியிருந்தது. ஆனால் பத்திரத்தில் தொழிற்சாலையின் முகவரி மட்டுமே இருந்தது. கிடங்கு நிறுவனத்தின் பொறுப்போ, ஒப்பந்தப்படி, ஒரு மாதக் கட்டணத்துக்கு மேற்படாது. அந்த விதியை அவர் படித்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நாங்களும் படித்திருக்கவில்லை. சேதத்தைக் கழித்ததும் அவரது ரொக்கக் கடன் கணக்கின் எடுப்பு வரம்பு குறைந்தது. காகிதம் வாங்க வைத்திருந்த பணத்தைக் கொண்டே கணக்கை நேர்செய்தார்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பிறர் பொருளை ஏற்றவர், சராசரி விவேகமுள்ள ஒருவர் தம் பொருளைக் காக்கும் அளவுக்கு அதனைக் காக்க வேண்டும். அதற்கு மேலான பொறுப்பு வேண்டுமெனில் ஒப்பந்தத்தில் எழுதிப் பெற வேண்டும். இன்னொன்று: பொருளின்மீது உழைப்போ திறனோ செலவிட்டவர், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, தம் கூலி கிடைக்கும்வரை அப்பொருளைத் தடுத்து வைக்கலாம் என்கிறது 170ஆம் பிரிவு. கட்டணம் நிலுவையானால், வங்கிக்கு ஈடாகக் காட்டிய சரக்கே அங்கு நின்றுவிடக்கூடும். ஆகவே, வங்கியின் உரிமையை ஏற்றுக் கிடங்கு நிறுவனம் தரும் கடிதத்தை நான் தவறாமல் கேட்பதுண்டு. இதனைச் சில வாடிக்கையாளர்கள் அவநம்பிக்கையாகக் கருதி வருந்துகின்றனர்.

சரக்கை மாற்றுமுன் புதிய கிடங்கின் முகவரியைக் காப்பீட்டுப் பத்திரத்தில் சேர்த்து, வரிப் பதிவில் கூடுதல் வணிக இடமாகவும் காட்டுங்கள். கிடங்கு பிற மாநிலத்தில் இருப்பின் அம்மாநிலப் பதிவு வேண்டும். மாதந்தோறும் வங்கிக்குத் தரும் இருப்பு அறிக்கையில் அச்சரக்கைத் தனி வரியில் எழுதி, கிடங்கு நிறுவனம் தரும் அதே தேதிய இருப்புச் சான்றையும் இணைத்தனுப்புங்கள்.