கேவியட்: வாங்குபவர் ஜாக்கிரதையாக இருக்கட்டும்

"ஒரு கேவியட் போட்டு வைத்திருக்கிறேன்" என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வதை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். கோர்ட்டில் கொடுக்கும் ஒரு மனுவின் பெயர் என்ற அளவில்தான் நம்மில் பலருக்கும் இச்சொல் பழக்கம். ஆனால் நம் கடை பில்லின் அடியிலும் அது குடியிருக்கிறது. "விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்து வைத்திருக்கிறோமே, அந்த வரி இந்த லத்தீன் சொல்லின் வழி வந்ததுதான். அது இன்று யாரைக் காப்பாற்றும், யாரைக் கைவிடும் என்று வியாபாரிக்குத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் சொல். லத்தீனில் 'கவெரெ' என்றால் கவனமாயிருத்தல். 'கேவியட்' என்பது நம் இலக்கணத்தில் வியங்கோள் என்கிறோமே, அதைப் போன்ற வடிவம்: "அவர் ஜாக்கிரதையாக இருக்கட்டும்" என்று பொருள். ஒரே சொல்லில் முழு வாக்கியம். எதிரே நிற்பவரிடம் நேராகச் சொன்னால் 'கவே'. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பெயி நகரில், ஒரு வீட்டு வாசல் தரையில் சங்கிலி கட்டிய நாயின் உருவத்தைச் சிறு கற்களால் பதித்து, 'கவே கானெம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் தெரு கேட்டுகளில் தொங்கும் 'நாய் ஜாக்கிரதை' பலகைதான், வேறொன்றுமில்லை! பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும்போது கட்டுகிறோமே காஷன் டெபாசிட், அந்தக் காஷனும் இதே வேர். லத்தீனும் வடமொழியும் தூரத்து உறவு என்பதால், 'கவி' என்ற சொல்லையும் இந்த வேரோடு சேர்ப்பார்கள் மொழி நூலார். கூர்ந்து காண்பவன் என்று அதற்குப் பொருள். நம் ஏனாத்தூர் பல்கலைக்கழகத்தில் வடமொழி படிப்பவர்களுக்கு இது புதிதாய் இராது.

வியாபாரத்தில் இச்சொல் 'கேவியட் எம்ப்டார்' என்று இரட்டையாக வரும். எம்ப்டார் என்றால் வாங்குபவர். "வாங்குபவர் ஜாக்கிரதையாக இருக்கட்டும், குறை இருந்தால் அவர் பாடு" என்பது கருத்து. மொழி லத்தீன் என்பதால் ரோமாபுரிச் சட்டம் என்று நினைக்கத் தோன்றும். உண்மை வேறு. ரோமாபுரிச் சந்தையை மேற்பார்வை செய்த அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர் அவற்றின் நோயையும் குறையையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார்கள். மறைத்து விற்றால் 6 மாதத்துக்குள் சரக்கைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். 12 மாதத்துக்குள் விலைக் குறைப்புக் கேட்கலாம்.

வாங்குபவர் தலையில் பாரத்தை வைத்தது இங்கிலாந்து. அங்கே 1603-இல் நடந்த ஒரு வழக்கைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பொற்கொல்லர் ஒருவர், ஆட்டின் வயிற்றில் விளையும் விஷமுறிவுக் கல் என்று சொல்லி ஒரு கல்லை 100 பவுனுக்கு விற்றார். அது அந்தக் கல்லே இல்லை என்று வாங்கியவர் வழக்குப் போட்டார். "இன்ன கல் என்று விற்றவர் சொன்னதுண்டு; அதற்கு உத்தரவாதம் கொடுத்தாரா?" என்று கேட்டு, வாங்கியவருக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. கடைக்காரருக்கு இதைவிட வசதியான தீர்ப்பு உண்டா?

அந்த வசதி வெகுகாலம் முழுசாக நிலைக்கவில்லை. நம் நாட்டில் இன்றும் நடப்பில் உள்ள 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தரத்துக்கு விற்பவர் தாமாகவே பொறுப்பில்லை என்றுதான் தொடங்குகிறது. தொடங்கிய கையோடு விலக்குகளை அடுக்குகிறது. இன்ன உபயோகத்துக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், சரக்கு அந்த உபயோகத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். விவரம் சொல்லி, அந்தச் சரக்கையே வியாபாரம் செய்பவரிடம் வாங்கினால், விற்கத் தகுந்த தரம் இருக்க வேண்டும். ஆனால் வாங்குபவர் சரக்கைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு புகார் கிடையாது.

நம் ஊர்ச் சரக்கிலேயே பார்ப்போம். ஒரு ஜவுளிக் கடைக்காரர் 50 பட்டுச் சேலை கொள்முதல் செய்கிறார். பிரித்துப் பார்த்து எடுக்கிறார். கரையில் இழை விட்டிருப்பது, முந்தியில் கறை, உடலும் கரையும் நிறம் சேராதது எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. "அப்போது கவனிக்கவில்லை" என்று அடுத்த மாதம் சொன்னால் எடுபடாது. ஜரிகைக்குள் வெள்ளி இருக்கிறதா, வெறும் செம்பா என்பது பார்வைக்குத் தெரியாது. அங்கே விற்றவர் பொறுப்பு நிற்கிறது.

சாம்பிள் பார்த்து ஆர்டர் கொடுத்தால் இன்னொரு நுணுக்கம் உண்டு. வந்த சரக்கு சாம்பிளோடு ஒத்திருக்க வேண்டும் என்பது 17-ஆம் பிரிவு. சாம்பிளே மட்டமான ஜரிகையாக இருந்து, பில்லில் "அசல் ஜரிகை" என்று எழுதியிருந்தால்? "சாம்பிள்படிதானே அனுப்பினேன்" என்ற பதில் செல்லாது. சொன்ன விவரத்தோடும் ஒத்திருக்க வேண்டும் என்கிறது 15-ஆம் பிரிவு. ஆகவே கொள்முதல் பில்லில் வெறுமனே "சேலை 50" என்று எழுதி வாங்குவது பெரிய அசட்டுத்தனம். பட்டு எது, ஜரிகை எது என்று எழுதி வாங்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டு 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றபின் அந்தப் பெயரே ஒரு விவரம் ஆகிவிட்டது. கண்ட சேலைக்கும் அதை எழுதிவிட முடியாது.

இனி, சில்லறை வியாபாரி சிக்கிக்கொள்ளும் இடம். 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை நீக்கிவிட்டுக் கொண்டுவந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பழுதான சரக்கை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று இச்சட்டம் சொல்கிறது. பில் கொடுக்காமலிருப்பதும் அப்படியே. ஆக, நம் பில்லின் அடியில் உள்ள வரி பழுதான சரக்கு விஷயத்தில் நம்மைக் காக்காது. நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்று வருபவரிடம் அதைக் காட்டுவது வேறு விஷயம். என் அபிப்பிராயத்தில் "பழுதில்லாத சரக்கு மாற்றித் தரப்பட மாட்டாது" என்று திருத்தி அச்சடிப்பதே மேல்.

அதே கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் வாங்கும்போது? மறுவிற்பனைக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. 1930-ஆம் ஆண்டுச் சட்டம்தான் கதி. அதாவது விற்கும்போது 'கேவியட் எம்ப்டார்' நமக்குத் துணை வராது. வாங்கும்போது மட்டும் நம் தலையில் உட்காரும். போதாக்குறைக்கு, அந்தச் சட்டம் தரும் உரிமைகளை ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ள 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. மொத்த வியாபாரியின் ஆர்டர் பாரத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் கையெழுத்திட்டால் இருக்கிற பாதுகாப்பும் போய்விடலாம்.

நாள் கடத்துவதும் ஆபத்து. வந்த சரக்கைப் பார்க்க நியாயமான சந்தர்ப்பம் வாங்குபவருக்கு உண்டு. ஆனால் வேண்டாம் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. அதன்பின் நஷ்டஈடு கேட்கலாமே தவிர, பொதுவாகச் சரக்கைத் திருப்ப முடியாது. தீபாவளிக் கூட்டத்தில் பேல் பிரிக்காமல் கிடங்கில் போட்டுவிட்டுத் தை மாதம் பிரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குறை தெரிந்த அன்றே எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி ஏது?

கடைசியாக, கோர்ட் கேவியட். 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 148-ஏ என்ற பிரிவாக இது சேர்ந்தது. இங்கே ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லப்படுவது கோர்ட். கடை இடம் பற்றியோ பாகஸ்தர் தகராறிலோ எதிர்த்தரப்பு நமக்குத் தெரியாமல் இடைக்காலத் தடை வாங்கிவிடலாம் என்ற சந்தேகம் இருந்தால், "எனக்கும் தெரிவித்துவிட்டு விசாரியுங்கள்" என்று முன்கூட்டியே மனுக் கொடுக்கலாம். அதன் நகலை எதிர்த்தரப்புக்கு ஒப்புகையுடன் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு. எனவே ரகசியமாகக் கேவியட் போட முடியாது. அது வழக்கில் வெற்றிக்கு உத்தரவாதமும் ஆகாது. நம் பேச்சைக் கேட்க ஒரு வாய்ப்பு, அவ்வளவே. தாக்கல் செய்த நாளிலிருந்து 90 நாள் வரை செல்லும். அதற்குள் எதிர்த்தரப்பு மனு எதுவும் வராமல், சந்தேகமும் தீராதிருந்தால், 91-ஆம் நாளுக்குக் காத்திராமல் வக்கீலிடம் சொல்லிப் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.